எழுத்துக்கு மேல மட்டும்

அவள் சுண்ணாம்பு வாளியை மதிலடியில் வைத்தாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே நீண்டு கிடக்கும் மதில். புகையும் பாசியும் ஏறிக் கறுத்துப்போனது. விடிந்து பார்த்தால் அதில் சிவப்பு மையில் ஒரு கேள்வி.

இவர்கள் எங்கே?

கீழே ஏழு பெயர்கள்.

மத்தியானம் மந்திரி இந்தப் பாதையால் வருகிறார். அவர் கண்ணில் இது படக்கூடாது.

நகரசபை வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார். "முழு மதிலுக்கும் சுண்ணாம்பு காணாது அக்கா. எழுத்துக்கு மேல மட்டும் இழுத்து விடுங்கோ."

பத்தொன்பது வருஷமாகச் சபைக்குக் கூட்டியும் வெள்ளையடித்தும் வருபவள் அவள். கறுத்த மதிலில் எழுத்தின்மேல் மட்டும் பூசினால் என்ன ஆகும் என்று தெரியும். காய்ந்ததும் சிவப்பு மறையும். அதே எழுத்து வெள்ளை வெளேரென்று முந்தியதைவிடப் பெரிதாக எழும்பி நிற்கும். பாவம், ஓவசியர் பைல் பார்த்தே ஓவசியராக வந்தவர், வாளி தூக்கியறியாதவர்.

மற்ற நாளென்றால் சொல்லியிருப்பாள்.

இன்று தலையாட்டினாள்.

ஏழு பெயரையும் வாசித்தாள். அவள் மகனுடையது இல்லை.

எப்படி இருக்கும்? அவள் எந்தப் பட்டியலிலும் அதைக் கொடுக்கவில்லையே. விசாரணைக்கென்று ஆமி அவனைக் கூட்டிப்போன கிழமையே, மகன் வெளிநாடு போய்விட்டான் என்று அயலுக்குச் சொல்லிவிட்டாள். சபை வேலை போய்விடும் என்ற பயம். மற்றத் தாய்மார் படங்களை ஏந்திக்கொண்டு றோட்டில் இருந்தபோது, அவள் அதே றோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு பயம் போய் வெட்கம் வந்தது. இவ்வளவு காலமும் என்ன செய்தாய் என்று கேட்டால்?

பதினைந்து வருஷம்.

சனம் கேட்பதெல்லாம் "மகன் சுகமோ?" என்றுதான். பெயரை யாரும் சொல்வதில்லை. வீட்டில் தனியே இருக்கும்போது அவளே ஒருதரம் சொல்லிப் பார்ப்பாள். தன் குரலில் கேட்க அந்தரமாக இருக்கும்.

வெள்ளையடிக்கிற பிறஸ்ஸை வாளிச் சுண்ணாம்பில் தோய்த்தாள்.

அவசரப்படவில்லை. கேள்வியில் தொடங்கினாள். ஒரு சுழி விடவில்லை, ஒரு புள்ளி விடவில்லை. பிள்ளைக்குத் தலைவாருவதுபோல இழுத்தாள்.

ஏழாவது பெயரும் முடிந்தது. வாளியில் அடிமட்டத்தில் கொஞ்சம் மிச்சம்.

அதற்குக் கீழே, ஒன்றுமே எழுதியிராத இடத்திலும் பூசினாள்.

ஈரச் சுண்ணாம்பு லேசில் நிறம் காட்டாது. ஓவசியர் திரும்பி வந்தபோது சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. அதற்குக் கீழே மதில் நனைந்து கிடந்தது, அவ்வளவுதான்.

"காய்ஞ்சா மறைஞ்சிடும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனார்.

அவள் போகவில்லை. எதிரே பஸ் நிலைய மர வாங்கில் உட்கார்ந்தாள். வேலை போகும்.

போகட்டும்.

வெயில் ஏறியது. மதில் காய்ந்து, பூசிய இடமெல்லாம் வெளுத்தது.

மரக்கறிப் பையோடு ஒரு மனுசி வந்து பக்கத்தில் இருந்தாள். முன்பின் தெரியாதவள். மதிலைப் பார்த்தாள். பெயர்களை ஒவ்வொன்றாக, மெல்லச் சத்தமாக வாசித்தாள்.

ஏழு முடிந்தது.

"துவாரகன்," என்று எட்டாவதையும் வாசித்தாள்.

இவள் மதிலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்ர பிள்ளை," என்றாள்.