திரைக்கு ஒரு வரம்பு

அந்த அலுவலகத்தின் நகலெடுக்கும் இயந்திரம், எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து, அவர் படிக்க எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அவ்வளவே திரையில் தரும். மின்சாரச் செலவைக் கவனிப்பது பூங்கோதையின் வேலை. பக்கத்து மேசை ஜெபமணி வந்து நின்றால் மட்டும் திரை பளீரென்று எரிந்தது. வாரத்துக்கு வாரம் அது கூடிக்கொண்டே போனது.

"சார், உங்களுக்கு மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குது!"

"நான் என்னம்மா பண்ணேன்? அதுவாத்தான் எரியுது" என்று அவரும் சிரித்தார்.

ஏதோ கோளாறு என்று நினைத்து, அவருக்கு மட்டும் வெளிச்சத்துக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டாள். அதன்பின் ஜெபமணி திரையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, "நீயே எடுத்துக் குடும்மா" என்று காகிதங்களை அவளிடமே நீட்ட ஆரம்பித்தார்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவர் மாடிப்படியில் தவறி விழுந்தார். மருத்துவமனைக்கு அவள்தான் அழைத்துப் போனாள்.

"கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்திருக்கு. போன பார்வை திரும்பாது" என்றார் டாக்டர். "முன்னாடியே எதுவும் தெரியலையா?"

"ஒண்ணும் தெரியலைங்க" என்றார் ஜெபமணி.

திரை வாரா வாரம் காட்டிக்கொண்டிருந்ததை வரம்பு வைத்து மறைத்தது தான்தான் என்று பூங்கோதைக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்ததும் அவர் அவள் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை, நீ கூட இருந்தே" என்றார்.

"படி வருது சார்" என்றாள் அவள்.