சேலைக்கு ஒரு சிப்பி

"ஏளா, ஒரு மாசத்துக்கு அந்த முத்தைக் குடு. ஒன் கழுத்தையா கேக்கேன்?"

"கழுத்தைக் கேளுங்க, தாரேன். முத்தைத் தர மாட்டேன்" என்றாள் சீனித்தாய்.

அவள் கணவர் சங்கரபாண்டியன் கடையில் உட்கார்ந்தபடி தெருவைப் பார்த்தார். எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடையில் குழல்விளக்கு எரிந்தது, கிராமபோன் பாடியது. அங்கே வாசல் கொள்ளாத கூட்டம். இவர் கடைக்குக் காலையிலிருந்து வந்தது ஒரே ஒருவர்தான். அவரும் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தவர்.

பல வருஷமாகச் சிப்பியே இல்லாமல் கிடந்த பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், இந்த முறை சிப்பி விளைந்திருந்தது. மாசியில் முத்துக்குளிப்பு என்று தூத்துக்குடி முழுக்க ஒரே பேச்சு. அதைக் கேட்டதிலிருந்து சங்கரபாண்டியனின் பழைய யோசனை மறுபடி எழுந்து உட்கார்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில், முந்தைய முத்துக்குளிப்பின்போது, இளவட்டமாக இருந்த அவர் நடத்திய விளம்பரம் அது. ஒரு சேலை வாங்கினால் திறக்காத சிப்பி ஒன்று இலவசம். உள்ளே முத்து இருந்தால் வாங்கியவர் அதிர்ஷ்டம்.

கூட்டம் வந்தது. பின்னாலேயே வாடையும் வந்தது. அடுக்கி வைத்த துணியெல்லாம் சிப்பி நாற்றம் பிடித்து, முத்துக்குளிப்பு முடிவதற்கு முன்பே விளம்பரம் செத்துப்போனது. கொடுத்த அத்தனை சிப்பியிலும் ஒன்றில்தான் முத்து இருந்தது. அது கிடைத்த பெண்ணைத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார்.

"இந்தத் தடவ சிப்பியக் கடைக்குள்ளயே வைக்க மாட்டேன். கொல்லையில வாளியில கெடக்கும்" என்றார்.

"சிப்பி குடுக்கதை நான் வேண்டாங்கல. முத்தை எதுக்குக் கண்ணாடிப் பொட்டியில வைக்கணும்? அதைச் சொல்லுங்க."

"போன தடவ ஒங்க கடைச் சிப்பியில என்னத்தைக் கண்டோம்னு கேப்பான்லா? இந்தா பாருன்னு காட்ட வேண்டாமா?"

முத்து அவள் தாலிக்கயிற்றில் கோத்துக் கிடந்தது. அதனால்தான் தயங்குகிறாள் என்று நினைத்தார்.

"தாலிய ஒண்ணும் செய்ய வேண்டாம். வேற கயிறு மாத்திக் கட்டுவோம், முத்தை மட்டும் உருவிக்கலாம். கோயில்லயே வச்சு மாத்துவோம்."

"எங்க வச்சு மாத்துனாலும் தர மாட்டேன்."

அப்போது கடை விற்பனையாளர் பவுல் அச்சாபீஸிலிருந்து வந்தார். கடற்கரைத் தெருக்காரர். அவர் வீட்டு ஆண்களெல்லாம் முத்துக்குளித்தவர்கள்.

"அண்ணாச்சி, நோட்டீஸ் ரெடி. கடைசி வரியை மட்டும் நிறுத்தி வச்சிருக்கான். 'இக்கடைச் சிப்பியில் கிடைத்த முத்தை நேரில் காண வாரீர்.' போடச் சொல்லவா?"

"ஒங்க அக்காட்ட கேளும்."

பவுல் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "அக்கா, ஊருக்குக் காட்டுதது இருக்கட்டும். மொதல்ல எனக்குக் காட்டுங்க. எங்க தெருவுல பெருசுக எல்லாம் எப்பப் பாக்கலாம்னு கேட்டுக்கிட்டே இருக்காவ. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாலே எந்தப் பார்ல வெளஞ்சதுன்னு சொல்லிருவாவ."

சீனித்தாய் முந்தானையை இழுத்துக் கழுத்தோடு போர்த்திக்கொண்டாள்.

"அந்த வரி வேண்டாம் தம்பி. எடுத்துரச் சொல்லுங்க."

பவுல் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். சங்கரபாண்டியன் தலையசைத்தார். பவுல் படியிறங்கிப் போனார்.

எதிர்க்கடையில் பாட்டு முடிந்து, வேறு தட்டு மாற்றிப் போட்டார்கள். சங்கரபாண்டியன் ஒரு சேலையை விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். சீனித்தாய் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக மடித்து முடித்தார்கள்.

"கடை மூடிருச்சுன்னா என்ன செய்வே?" என்றார் கடைசியில்.

"மூடாது. கொல்லையில பாயைப் போட்டு நான் உக்காருதேன். சேலை வாங்குதவுகளுக்கு அவுக கண்ணு முன்னால சிப்பியத் தொறந்து காட்டுதேன். எங்கய்யா சிப்பி ஏவாரி. பாவாடை கட்டுத வயசுலயே கத்தி புடிச்ச கை இது. முத்து இல்லாட்டாலும் வேடிக்கை பாக்க ஆளு வரும்."

"நீயா? ஊரே பாக்க உக்காருவியா?"

"ஒங்க கடைக்குத்தான உக்காருதேன்."

அவருக்கு மனம் இளகியது. ஆனாலும் வருத்தம் போகவில்லை.

"இவ்வளவு செய்யுதவ முத்தைக் காட்ட மாட்டேங்கியே. நம்ம கடையில கெடச்சதுன்னு சொல்ல ஒனக்கு வெக்கமா? அன்னைக்கு நானே பாத்துப் பொறுக்கி ஒன் கையில குடுத்த சிப்பிளா அது."

"வெக்கமா? எனக்கா?"

சீனித்தாய் கயிற்றை வெளியே எடுத்தாள். மஞ்சளேறி, கொஞ்சம் மங்கிப்போயிருந்த அந்தச் சின்ன முத்தை விரல் நுனியில் உருட்டினாள்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போய் எங்கய்யாட்ட இதைக் காட்டுனேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லாமச் சிரிச்சாரு. மறுநாளே ஒங்க குடும்பத்தைப் பத்தி விசாரிக்க ஆளு அனுப்பிட்டாரு."

"முத்தைப் பாத்துட்டு எதுக்குச் சிரிச்சாரு?"

அவள் முத்தை மறுபடி முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

"கடல்ல இருந்து வார முத்துக்கு ஆசாரிதான் ஓட்டை போடணும். சிப்பிக்குள்ள நீங்க வச்சப்பவே இதுல ஓட்டை இருந்துச்சு."