பூஜ்யம் முதல் பத்து வரை

இருபத்திரண்டு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் வேதமுத்து. இன்றும் வழக்கம்போல இடப்பக்க இருக்கை. வலப்பக்கம்தான் யாருமில்லை, ஸ்டீயரிங் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எவ்வளவு பயமோ அவ்வளவு திருகச் சொல்லி ஆராய்ச்சியாளர் நஸ்ரின் கொடுத்த குமிழ் அவர் கையில் இருந்தது. அது காட்டும் எண்ணைப் பின்னிருக்கையில் அவள் மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோதனைப் பாதையின் குறுக்கே ஓர் ஆளுயரப் பொம்மை பாய்ந்து வந்தது. அரையடி மிச்சமிருக்கையில் கார் நின்றது. திரையில் பூஜ்யம்.

"பயமே வரலையா சார்?"

"எதுக்கும்மா பயம்? அதான் கரெக்டா பிரேக்கை மிதிச்சுட்டேன்ல."

நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். பயிற்சிக் காரில் வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். இந்தக் காரில் அங்கே வெறும் கால்மிதியடிதான். அதில் அவருடைய வலதுகால் இன்னும் அழுந்தியிருந்தது.

"அடுத்த ரவுண்டுக்குக் காலைத் தூக்கி சம்மணம் போட்டுக்குங்க சார்."

அவர் காலை மடக்கினார். கார் கிளம்பக்கூட இல்லை. திரையில் நான்கு, ஏழு, பத்து. அதற்குமேல் குமிழ் திரும்பாது. அவர் திருகிக்கொண்டே இருந்தார்.

கார் நகர்ந்தது.