சாமிக்கு விலக்கு உண்டு

பீடத்துக்கு முன்னால் வந்ததும் பேரூராட்சி ஓவர்சியர் குற்றாலலிங்கம் செருப்பைக் கழற்றினார்.

அதைப் பார்த்ததும் பிச்சைக்கண்ணுவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கடப்பாரையோடு நாலு ஆட்கள் நிற்கட்டும், தெருமுனையில் டிராக்டர் உறுமட்டும். இனி எந்தக் கொம்பனும் தன் சைக்கிள் கடையைத் தொட முடியாது.

கடை மொத்தமே ஆறடி. அதில் நாலடி தெருவில் நின்றது.

தொண்ணூற்றிரண்டு வெள்ளத்துக்கு மறுவருஷம் கட்டியது. ஏரல் போகிற அந்தச் சாலையில் எவன்தான் தெருவுக்கு வரவில்லை? ஒருத்தன் படியை இறக்கியிருந்தான். இன்னொருத்தன் கக்கூஸையே இறக்கியிருந்தான். பேரூராட்சி எல்லாவற்றையும் கண்டும் காணாமல் விட்டுவிட்டு, பிச்சைக்கண்ணுவுக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பியது.

அப்போது வழி சொன்னதே இந்தக் குற்றாலலிங்கம்தான். கடை பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பைய காதோடு சொன்னார்.

"கடைக்கு விலக்கு கெடையாதுவே. சாமிக்கு உண்டு. வாசல்ல ஒரு பீடத்தப் போடும். அதத் தாண்டி எவன் டேப்பு புடிக்கான்னு பாப்போம்."

அன்றைக்கே போட்டார்கள், புருஷனும் பெண்டாட்டியுமாக. கடை கட்டி மிஞ்சின செங்கல் மூன்று, மேலே ஒரு கை சிமெண்டு. மஞ்சளைக் குழைத்தது கலைச்செல்வி. இசக்கியம்மன் என்று அவன் பேர் வைத்தபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

நோட்டீஸ் அதோடு கிணற்றில் போட்ட கல்லாகிப்போனது.

மூன்று வருஷத்தில் இசக்கி நன்றாகவே வளர்ந்துவிட்டாள். செவ்வாயும் வெள்ளியும் எலுமிச்சம்பழ விளக்கு. போன ஆடியில் கொடைத் திருவிழாவே நடந்தது. பிச்சைக்கண்ணுவும் வரி கொடுத்தான். கொடுக்காமல் என்ன செய்ய?

குற்றாலலிங்கம் குனிந்து கும்பிட்டார். குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு பீடத்தில் கால் பட்டுவிடாமல் பக்குவமாகச் சுற்றி வந்து, கடைச் சுவரில் டேப்பை வைத்தார்.

பிச்சைக்கண்ணு குறுக்கே போய் நின்றான்.

"அண்ணாச்சி, சாமிக்கு விலக்குன்னு நீங்கதான சொன்னிய?"

"இப்பவும் அதத்தான் சொல்லுதேன். சாமிய நாங்க தொடல. அம்மனுக்கு முன்னால நிக்க எடம் இல்ல, கடைய எடுங்கன்னு தெருவே மனு குடுத்திருக்கு. நான் என்ன செய்ய?"

அடப்பாவி! எத்தனை டீ, எத்தனை வடை. அந்த மனுஷன் சைக்கிளுக்கு எத்தனை பஞ்சர் ஓசியில் ஒட்டியிருப்பான்.

ஆத்திரத்தில் அவனுக்கு வாய் நிற்கவில்லை.

"எது சாமி? அது செங்கல்லுவே! நான் வச்ச செங்கல்லு!"

கூடியிருந்த சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்புறம் பக்கத்து வீட்டு முத்துமாலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஏலே, நாக்கு அழுகிரும்லே."

இருக்கட்டும். அவனுக்குச் சாட்சி ஒருத்தி இருந்தாள். பீடத்துக்கு அந்தப் பக்கம், பெண்களோடு பெண்ணாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி கலைச்செல்வி! மஞ்சள் கொழச்சது நீதான? இவனுவகிட்ட சொல்லுட்டி!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

குற்றாலலிங்கம் சட்டைப்பையிலிருந்து மனுவை எடுத்து, அவன் முகத்துக்கு நேரே விரித்தார். தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது. முதல் கையெழுத்து கலைச்செல்வி.

ஓவர்சியர் ஏமாற்றினால் ஆத்திரம்தான் வரும். தெரு ஏமாற்றினால் சண்டை போடலாம். பதினோரு வருஷமாய் அவன் சாப்பிட்ட தட்டிலேயே போட்டுச் சாப்பிட்டவள் கழுத்தை அறுத்தால் எங்கே போய் முறையிட? அவன் கடையின் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

அவள் பீடத்தைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"போன ஐப்பசியில மூணு நாளு பெரியாஸ்பத்திரியில பேச்சுமூச்சு இல்லாம கெடந்திய. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. வராந்தாவுல தனியா நிக்கேன், வேற ஒரு சாமி பேரும் எனக்கு வாயில வரல. ஆளத் திருப்பிக் குடு தாயே, கடை எடத்த உனக்கே விட்டுருதேன்னு இவகிட்டதான் நேந்துக்கிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாட்டி?"

"சொன்னா, செங்கல்லுன்னுவிய."

முதல் கடப்பாரை சுவரில் இறங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். கலைச்செல்வி அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் விட ஓங்கிக் குலவையிட்டாள்.