நாலாவது நாற்காலிக்கு நாற்பத்திரண்டு பேர்

"வந்துட்டாருடி, உன் நாற்பத்திரண்டாவது ஆளு!"

அருங்காட்சியகத்தின் வாசல் மேசையிலிருந்து கிளெண்டா குரல் கொடுத்ததும் ஒடெசாவுக்குச் சுள்ளென்று ஏறியது.

வெள்ளிக்கிழமை கண்காட்சி திறப்பு. இன்றைக்குப் புதன். நாலு மணிக்குள் படத்தின் பெயர் அட்டை அச்சுக்குப் போயாக வேண்டும்.

"வரச் சொல்லு. அஞ்சே நிமிஷம், அவரையும் வழியனுப்பிடறேன்."

எல்லாம் அந்த ஒரு படத்தால் வந்த வினை. 1960-ல், தெற்கு அமெரிக்க மாநிலத்துச் சின்ன ஊரான இதே ஊரின் மெயின் தெருக் கடையில் எடுத்தது. அந்தக் கடையில் ஒடெசாவின் அம்மா நூல் வாங்கியிருக்கிறாள், ஊசி வாங்கியிருக்கிறாள். ஆனால் கடைக்குள்ளேயே இருந்த காபி கவுண்டரில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்ததில்லை. கறுப்பர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. அந்த நாற்காலிகளில்தான் மூன்று கறுப்பின மாணவர்கள் போய்த் துணிச்சலாக உட்கார்ந்தார்கள்.

நாலாவது நாற்காலியில் அவர்களுக்குத் துணையாக ஒரு வெள்ளைக்காரப் பையன். முகத்தைக் கையால் மறைத்திருக்கிறான். பின்னால் ஒரே கும்பல். அதிலிருந்து ஒரு கை நீண்டு, அவன் தலையில் சர்க்கரையைக் கொட்டுகிறது.

மூன்று மாணவர்களின் பெயர் தெரியும். இந்த நாலாவது பையன் யார்? கூட உட்கார்ந்தவர்களுக்கே அவன் பெயர் தெரியாது.

அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படத்தைப் போட்டு, 'இதில் இருப்பவர்களைத் தெரியுமா?' என்று ஒடெசா கேட்டாலும் கேட்டாள், ஊரில் அறுபத்தைந்தைத் தாண்டிய வெள்ளைக்காரர் அத்தனை பேரும் அன்றைக்கு அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்! பழைய வங்கி மேனேஜர், பாதிரியார், வான்கோழிப் பண்ணைக்காரர். ஒருவர் அந்த வருஷம் பட்டாளத்தில், கொரியாவில் இருந்தவர். கேட்டால், "லீவுல வந்திருந்தேன்" என்கிறார்.

மூன்று மாணவர்களில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புளுகன் பெயரைத் தொங்கவிட ஒடெசா என்ன, ஏமாந்தவளா? அந்த இருவரின் பேட்டிகளை இணையத்தில் ஏற்றியபோது ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டாள். அதைத்தான் கேள்வியாகக் கேட்பாள். நாற்பத்தொரு பேரும் அதிலேயே கவிழ்ந்தார்கள்.

உள்ளே வந்தவர் வெர்லன் ஸ்டேமி. டிராக்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் புதன்கிழமையே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பத்திரிகைக்காரன் போட்டோ எடுப்பான் என்ற நினைப்பு போலிருக்கிறது!

"அந்தப் படத்துல ஒரு பேர் போடணும், மேடம்."

"எல்லாரும் அதுக்குத்தான் சார் வர்றாங்க. உங்க பேரா?"

"ஆமா."

"சாட்சி யாராவது?"

"என்கூட இருந்தவங்கல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"அதையும் எல்லாரும் சொல்லியாச்சு. ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு நாலாவது நாற்காலியில என்ன ஆர்டர் பண்ணாங்க?"

காபி என்பார். நாற்பத்தொரு பேரும் காபிதான். ஒடெசா பேனாவை மூடப் போனாள்.

"மோர்," என்றார் அவர். "ஒரு கிளாஸ் மோரும் சோள ரொட்டியும். குரல் நடுங்கிச்சு. மோர் தீர்ந்துபோச்சுன்னு அந்தக் கடைப் பொண்ணு சொன்னா. கண்ணெதிர்ல ஜக்கு நிறைய இருந்துது."

வெட்டி வைத்த வரி, அப்படியே!

"கிளெண்டா, ஓடி வாடி! ஆள் கிடைச்சாச்சு!"

ஒடெசா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

"அம்பது வருஷமா எங்க சார் ஒளிஞ்சிருந்தீங்க? உங்களைப் போய் விரட்டப் பார்த்தேனே. மன்னிச்சுக்கோங்க சார். உங்களை மாதிரி ஒருத்தர்..."

"கையை விடுங்க, மேடம்."

மெதுவாகத் தானே உருவிக்கொண்டார்.

"நான் அந்த நாற்காலியில உட்காரலை. அதுக்குப் பின்னால நின்னேன். ஒட்டி நின்னதால காதுல விழுந்துச்சு."

மேசை மேலிருந்த படத்தில் விரலை வைத்தார். சர்க்கரை கொட்டும் கையின் மேல்.

"இந்தக் கைக்குத்தான் பேர் போடணும்."

"அடப்பாவி!" என்று கிளெண்டா வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"ஆமாம்மா," என்றார் அவர்.

ஒடெசாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்தக் கையைத்தானா இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தோம்? ஆனாலும் ஒன்று உறைத்தது. உட்கார்ந்த ஒரு பையனுக்கு நாற்பத்தொரு பேர். பின்னால் நின்ற இருபது பேருக்கு இதுவரை ஒரு ஈ காக்கா கூட வரவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க. பிழை வரக் கூடாது."

சொன்னார். எழுதினாள்.

"'சர்க்கரை கொட்டுபவர்'னுதான் போடுவேன். பூசி மெழுக மாட்டேன்."

"மெழுகாதீங்க."

"இணையத்துலயும் வரும். ஊர் உலகமே பார்க்கும்."

"பார்த்துட்டுப் போகட்டும்."

எழுந்து கதவு வரை போனவர் நின்றார்.

"அட்டையை எந்த உயரத்துல மாட்டுவீங்க, மேடம்?"

"ஏன், யார் கண்ணுலயும் படாத மாதிரி மாட்டணுமா?" கேள்வி சூடாகவே வந்தது.

"என் பேத்திக்கு ஒன்பது வயசு. வெள்ளிக்கிழமை வகுப்போட இங்க வர்றா. நாலாவது நாற்காலியில இருக்கறது எங்க தாத்தான்னு ஸ்கூல் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கா. அவகிட்ட அப்படிச் சொன்னது நான்தான்."

கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அவ கண்ணுக்கு நேரா மாட்டுங்க."