குறை சொல்லி விற்ற வீடு

“கூரை இந்த மூலையில ஒழுகும், ரீச்சர். மாரி முழுக்க வாளி வைக்கோணும்.”

வீடு விற்க நிற்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது? தரகர் றிகாஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. யோகலிங்கத்தாரோ குசினிக் கதவைக் கறையான் அரித்ததையும், பின்மதில் சாய்ந்து நிற்பதையும் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

கிணற்றடியில் ரீச்சர் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். பள்ளிக்கூட மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து ஒரு மாதந்தானாம்.

“உப்புக் கூடிப்போச்சு, ஐயா.”

“ஓம் பிள்ளை, துறைமுகம் பக்கத்திலதானே. குளிக்கலாம், குடிக்க ஏலாது.”

“இவ்வளவு குறையையும் நீங்களே சொல்லுறீங்கள். விக்கிற ஆக்கள் ஒருத்தரும் இப்பிடிச் சொல்லமாட்டினம்.”

பாராட்டுத்தான். ஆனால் யோகலிங்கத்தாருக்கு முகம் சுட்டது. சின்னக் குறைகளை இப்படி அடுக்கியதே பெரிய குறை வாய்க்கு வந்துவிடாமல் இருக்கத்தான் என்பது அவருக்கல்லவா தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு, அயலவர் தில்லைநாதன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் படகேறப் புறப்பட்டபோது, தன்னுடைய இந்த வீட்டுப் பூட்டின் திறப்பொன்றை யோகலிங்கத்தார் கையில் வைத்து, “நான் வருமட்டும் பாத்துக்கொள், யோகு” என்றுதான் சொன்னார். பத்து வருடம் பார்த்தார். பதினோராம் வருடம், வீட்டை ஆண்டு அனுபவிப்பது தானே என்று சத்தியக் கடதாசி கொடுத்துத் தன் பெயருக்கு உறுதிப் பத்திரம் முடித்துவிட்டார்.

பிறகு அகதி முகாமிலிருந்து தில்லைநாதன் போட்ட இரண்டு கடிதத்துக்கும் அவர் பதில் போடவில்லை. என்னவென்று போடுவது? அன்றிலிருந்து இந்த வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் உடம்பு கூசும். விற்றுவிட்டு மகளோடு மட்டக்களப்புக்குப் போய்விட்டால் இனி அதைத் தாண்ட வேண்டியதில்லை.

வீட்டின் பழைய கதையை வாங்குகிறவருக்குச் சொல்லத்தான் வேண்டுமோ என்று இன்று காலையில் றிகாஸிடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்திருந்தார்.

“உறுதியில உள்ளதைச் சொன்னாக் காணும், ஐயா. பழைய கதையெல்லாம் சொல்லவேணுமெண்டு ஆர் சட்டம் போட்டது?” என்று றிகாஸ் வாயை அடைத்துவிட்டான்.

“வேற ஏதும் இருக்கோ, ஐயா? வாங்கிற நான் அறிய வேண்டியது?” கிணற்றடியில் நின்றபடி ரீச்சர் அவருடைய கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

உண்மை நாக்கு நுனிமட்டும் வந்தது. றிகாஸ் செருமினான்.

“இல்லப் பிள்ளை... வேறொண்டும் இல்ல. எங்கட அப்பர் கட்டின வீடு.”

கேட்காத பொய்யும் சேர்ந்து வந்துவிட்டது. எழுபத்திரண்டு வயதில் இப்படியொரு பொய்யா என்று வெட்கமாக இருந்தது. தலை தானாகவே குனிந்தது.

ரீச்சர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். பிறகு, “நாளைக்கு மேசனோட வந்து கூரையைப் பாக்கோணும். திறப்பைத் தாறீங்களோ?” என்றாள்.

விட்டது சனியன் என்று யோகலிங்கத்தார் மடியை அவிழ்த்து, பெரிய பித்தளைத் திறப்பை எடுத்து நீட்டினார்.

“அந்தக் காலத்துப் பூட்டு, பிள்ளை. இன்னும் மாத்தேல்ல. ரெண்டு திறப்பு இருந்தது, மற்றது துலைஞ்சுபோச்சு.”

அவள் அதை வாங்கவில்லை. கைப்பையைத் திறந்து, அதே அளவில், அதே பல்லோடு, கறுத்துப்போன ஒரு பித்தளைத் திறப்பை எடுத்தாள். நீட்டியபடியே இருந்த அவருடைய உள்ளங்கையில், மற்றதற்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

“துலையேல்ல, மாமா.”