வழக்கமான நடை

ஆறடி உயர லோறன்ஸ், புதுப்பெண்போல அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார்.

பவளராணிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து வந்த திரேசம்மாவும் அதே நடை நடந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

விடத்தல்தீவுக்கு அப்பால், சனங்கள் மீளக் குடியேறி ஒரு மாதம்கூட ஆகாத கரையோரக் கிராமம் அது. போரில் அலைந்த உடம்பு எவ்வளவு சீக்கிரம் மூப்படைகிறது என்பதை முதியவர்களின் நடையை அளந்து காட்டுவதுதான் அவளுடைய ஆய்வு. வாய்ப்பே கிடைக்காத சமூகங்களின் இளம் ஆய்வாளர்களுக்கென்று ஒதுக்கிய நிதி, தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த அவளுக்கு எப்படியோ கிடைத்திருந்தது. இன்று அளந்து முடிக்காவிட்டால் அதுவும் கைவிட்டுப் போய்விடும்.

இடத்தைக்கூட அவளே தேடிப் பிடித்தாள். தேவாலயத்துக்குப் பின்னால் துடைத்துவிட்டாற்போல மணல்வெளி, மருந்துக்குக்கூட ஒரு கால்தடம் இல்லை. இவ்வளவு நல்ல இடத்தை ஊர் சும்மா போட்டுவைத்திருக்கிறதே என்று அங்கலாய்த்தபடி இரண்டு கோடுகள் கீறினாள். எப்படி நடப்பதென்று தானே முதலில் நடந்தும் காட்டினாள்.

அங்கேதான் பிடித்தது வினை. எல்லோரும் அவளுடைய தடத்திலேயே கால் வைத்தார்கள். போனதும் அதில்தான், திரும்பியதும் அதில்தான். நெட்டையர், குட்டையர், முழங்கால் வலிக்காரர், கைத்தடிக்காரர், எல்லோருக்கும் பவளராணியின் அதே காலடி அளவு. இந்தக் கணக்கைக் கொண்டுபோனால், அறைக்குள் இருந்து எழுதினாயா என்று பேராசிரியர் முகத்தில் விட்டெறிவார்.

உங்கள் நடையையே நடவுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். லோறன்ஸ் நன்றாகத் தலையாட்டிவிட்டு, குனிந்து மறுபடியும் அவள் தடத்தைத் தேடினார்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு பனையோலையை எடுத்தாள். தொடக்கக் கோட்டிலிருந்து பின்பக்கமாக நடந்தபடியே தடங்களை ஒன்றுவிடாமல் அழித்துக்கொண்டு போனாள். மற்றக் கோட்டில் போய் நிமிர்ந்தபோது, நடுவில் மணல் பாய் விரித்ததுபோலக் கிடந்தது.

இனி வாருங்கள் என்று கையைக் காட்டினாள்.

ஒருவரும் அசையவில்லை. திரேசம்மாதான் வாயைத் திறந்தார்.

"நாங்கள் இந்தப் பக்கம் வாறதில்லை பிள்ளை. இஞ்ச மிதிவெடி எடுத்து முடியேல்லை எண்டு சொன்னவை. நீங்கள் முதல் நடந்தபடியால், விசாரிச்சுத்தான் வந்திருப்பீங்கள் எண்டு நாங்களும் நடந்தனாங்கள்."

பவளராணி யாரையும் விசாரிக்கவில்லை.

அவர்களிடம் போகவென்று தூக்கிய கால், எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்திலேயே நின்றது.